சாவி யார் கையில் இருக்க வேண்டும்?

மாணவர்களே! உங்கள் இயற்பியல் ரெக்கார்டு நோட்டை நண்பன் கேட்டால் கொடுப்பீர்கள் அல்லவா? ஆனால் அவன் அதில் ஓர் எண்ணைத் திருத்திவிட்டால்? உங்களைக் கேட்காமல் அதை வேறொருவனிடம் கொடுத்துவிட்டால்? ஆராய்ச்சி நிலையங்களின் கணிப்பொறிகளிலும் இதே கேள்விகள்தான் எழுகின்றன.

புனே அருகே கோடாட் என்னும் ஊரை மையமாகக் கொண்டு, 45 மீட்டர் விட்டமுள்ள 30 ரேடியோ ஆன்டெனாக்கள் வானத்தை நோக்கி நிற்கின்றன. ஜி.எம்.ஆர்.டி. என்பது இதன் பெயர். இத்தகைய கருவிகள் திரட்டும் தகவல்கள் கடிதத்தோடு இணைத்து அனுப்பக்கூடிய அளவில் இருப்பதில்லை. எனவே அவற்றைப் பரிமாறிக்கொள்ளத் தனியான கணிப்பொறிகள், அதாவது சர்வர்கள், தேவைப்படுகின்றன.

சர்வரில் பூட்டு எப்படி வேலை செய்கிறது? யூனிக்ஸ் முறையில் ஒவ்வொரு கோப்புக்கும் மூன்று வகையினர் உண்டு: உரிமையாளர், அவருடைய குழு, மற்றவர்கள். படிக்கும் உரிமைக்கு 4, எழுதும் உரிமைக்கு 2, இயக்கும் உரிமைக்கு 1 என்று எண்கள். ஒரு கோப்புக்கு 640 என்று குறித்தால் என்ன பொருள்? உரிமையாளர் படிக்கலாம், எழுதலாம் (4+2=6); குழுவினர் படிக்க மட்டும் செய்யலாம்; மற்றவர்களுக்கு ஒன்றும் இல்லை.

இது மட்டும் போதாது. படிக்க முடிந்தவர் பிரதி எடுத்துப் பிறருக்குக் கொடுத்துவிடலாமே! அதனால்தான் சர்வரின் பொறுப்பாளர் எந்தக் கோப்புறையிலிருந்து பகிரலாம், யார் பகிரலாம், யாருக்கு, எந்தத் தேதி வரை என்பதற்கும் விதி வகுக்கிறார். இது அவநம்பிக்கை என்று சிலர் முணுமுணுப்பதுண்டு. நான் அப்படி நினைக்கவில்லை.

2005 ஜூலையில் நடந்ததைப் பாருங்கள். நெப்டியூனுக்கு அப்பால் ஒரு குறுங்கோளை அமெரிக்காவின் மைக்கேல் பிரவுன் குழுவினர் ஆராய்ந்து வந்தனர். அவர்கள் வெளியிடுமுன் ஸ்பெயின் நாட்டுக் குழு ஒன்று அதே குறுங்கோளை அறிவித்தது. பிரவுன் குழு பயன்படுத்திய தொலைநோக்கியின் பதிவேடு, அவர்கள் அறியாமலே இணையத்தில் திறந்து கிடந்தது. ஸ்பெயின் குழுவின் நிலையத்துக் கணிப்பொறிகள் அதைப் பார்த்திருந்தன. தாங்கள் ஏற்கனவே கண்டதைச் சரிபார்க்கவே பார்த்தோம் என்றது அக்குழு. ஹௌமியா என்று இன்று அழைக்கப்படும் அந்தக் குறுங்கோளை முதலில் கண்டவர் யார் என்ற சர்ச்சை ஓயவே இல்லை. கதவு சரியாகப் பூட்டப்பட்டிருந்தால் இரு தரப்புக்கும் இந்தச் சங்கடம் நேர்ந்திராது.

அப்படியானால் எல்லாவற்றையும் பூட்டிவிடலாமா? கூடவே கூடாது! கொடைக்கானல் வான் ஆய்வு நிலையம் 1904 முதல் சூரியனைப் படம் எடுத்து வந்திருக்கிறது. எண்ணியல் வடிவாக்கப்பட்ட அந்தப் படங்களை, அவை எடுக்கப்பட்டபோது பிறந்தே இராத விஞ்ஞானிகள் இன்று ஆராய்கிறார்கள். மக்கள் பணத்தில் திரட்டிய அறிவு மக்களிடமே திரும்ப வேண்டும். ஜி.எம்.ஆர்.டி. இதற்கு நல்ல வழி கண்டிருக்கிறது: விண்ணப்பித்துக் கருவியைப் பயன்படுத்தியவருக்குத் தகவல்கள் 18 மாதங்கள் தனியுரிமை, அதன்பின் அனைவருக்கும் பொது.

எல்லாத் தகவலுக்கும் ஒரே பூட்டும் பொருந்தாது. நம் திருக்கழுக்குன்றத்துக்கு அருகில் உள்ள கல்பாக்கத்தையே எடுத்துக்கொள்வோம். அங்குள்ள அணுமின் நிலையத்தின் பாதுகாப்பு விவரங்களை ஊரறியத் திறந்து வைக்க முடியாது. ஆனால் 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி தாக்கியதும் அதே கரையைத்தான். கடல் மட்ட அளவுகளுக்குப் பதினெட்டு மாதம் என்ன, பதினெட்டு நிமிடப் பூட்டுகூட ஆபத்தானது. 2007-இல் ஐதராபாத்தில் தொடங்கிய சுனாமி எச்சரிக்கை மையம் உடனுக்குடன் வரும் அளவுகளை நம்பித்தான் இயங்குகிறது.

ஆகவே என் கருத்து இது: பகிர்வுக்குக் கட்டுப்பாடு வேண்டும், ஆனால் ஒவ்வொரு பூட்டுக்கும் ஒரு காரணமும், இயன்றவரை ஒரு முடிவுத் தேதியும் எழுதப்பட வேண்டும். யார் எப்போது திறந்தார் என்ற பதிவும் இருக்க வேண்டும். உங்கள் பள்ளிக் கணிப்பொறியில் அடுத்த முறை ஒரு கோப்பைப் பகிரும்போது, யாருக்கு, எதற்கு, எதுவரை என்று கேட்டுப் பழகுங்கள். நாளை ஆராய்ச்சிக் கூடத்தின் சாவி உங்கள் கைக்கு வரும்போது அந்தப் பழக்கம் உதவும்.