தன் கையும் வல்லார் கையும்

தன் கையே தனக்குதவி என்பது முதுமொழி. எருக்கலம்பிட்டிக் கரையில், வெளியிணைப்பு இயந்திரத்தின் ஓசை கேட்டே காபரேட்டர் திருகைச் சீர்செய்யும் கடற்றொழிலாளர் உளர். பிழைத்தால் திருகை மீளத் திருப்பிவிடலாம்.

இம்முறையே விரைவுக் கார்களின் இயந்திரக் கணினியையும் தாமே மாற்றியமைக்க இளைஞர் சிலர் விழைகின்றனர். ஆர்வம் போற்றத்தக்கதே, எனினும், செவி அங்கே போதாது. ஒரு பங்கு பெற்றோல் முற்றும் எரிய நிறையளவில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். இயந்திரம் முழுவலுவுடன் இழுக்கையில் பெற்றோல் குறைந்தாலோ, தீப்பொறி அளவிறந்து முந்தினாலோ கலவை காலமல்லாக் காலத்தில் வெடித்துப் பிஸ்டனைத் துளைத்தல் கூடும். கணினியில் பழைய எண்ணை மீட்கலாம். உருகிய உலோகத்தை மீட்பதெங்ஙனம்?

எண்ணெய் மாற்றல், காற்றுவடியைத் துப்புரவாக்கல், பிழைக்குறிகளை வாசித்தல் ஆகியவற்றை நாமே கற்போம். எண்களை மாற்றும் பணியையோ, இயந்திர வலுவையும் புகைவாயுவையும் கருவிகொண்டு அளப்பாரிடம் ஒப்படைப்போம். கூலி பெறுவதால் மட்டும் ஒருவர் வல்லுநராகார். அளந்து செய்பவரே வல்லுநர்.

மாணவர்காள்! நான்கடிப்பு வெளியிணைப்பு இயந்திரங்களிலும் இக்கணினி புகுந்துவிட்டது. வீதியில் பழுதுற்றால் பொருள் நட்டம்; நடுக்கடலிலோ உயிருக்கே ஏதம். ஆதலின், துணிவுக்கு முன் அளவையைக் கற்பீராக.