சுவருக்கு அப்பால் எரியும் நெருப்பு

கஹவத்தைப் பக்கம் எதையும் காயவைப்பது பெரும்பாடு. காலையில் வெயில் முகம் காட்டினாலும் பின்னேரத்துக்குள் மழை இறங்கிவிடும். லயத்துக் கொடியில் போட்ட துணி மூன்று நாளாகியும் ஈரம் விடாது. நம் முன்னோர் காட்டை வெட்டித் தோட்டமாக்கினார்கள் என்று சொல்லிப் பழகிவிட்டோம். அவர்களுடைய ஆயுளில் எவ்வளவோ பங்கு ஈரத்தைத் துரத்துவதிலேயே கழிந்தது என்பதை அவ்வளவாகச் சொல்வதில்லை. கொழுந்து காய வேண்டும், றப்பர் சீட் காய வேண்டும். இரண்டுக்கும் நெருப்பைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது. கூப்பிட்ட நெருப்பை எவ்வளவு தூரத்தில் நிறுத்துவது என்ற கேள்வி அன்று பிறந்தது, இன்னும் முடியவில்லை.

1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் என்ற துரை தேயிலை பயிரிட்டபோது, கொழுந்தைத் தட்டுகளில் பரப்பி, மண் அடுப்பின் கரிநெருப்புக்கு மேலேயே வைத்து உலர்த்தினார்கள். நெருப்புக்கும் இலைக்கும் நடுவே ஒரு தட்டுதான். சாமுவேல் டேவிட்சன் என்ற அயர்லாந்துக்காரர் இந்தியத் தோட்டங்களில் இந்த அவதியைப் பார்த்துவிட்டு, 1881இல் பெல்பாஸ்டில் தொழிற்சாலை தொடங்கி, 'சிரோக்கோ' உலர்த்திகளைச் செய்து அனுப்பினார். உலை தனியாக எரியும். இரும்புக் குழாய்களைச் சுற்றி வந்து சூடேறிய காற்று மட்டும் இலையைத் தொடும். புகை தன் வழியே புகைபோக்கியில் போய்விடும். றப்பரின் கதையும் இதுவே. தொங்கும் சீட்டுகளுக்குக் கீழேயே விறகெரித்த புகைக்கூடங்களில், ஒரு சீட் நழுவி விழுந்தால் போதும், கூடமே போய்விடும். உலையை வெளியே கட்டிப் புகையை நிலத்தடி வழியாக உள்ளே விட்ட பிறகுதான் நெஞ்சிடி குறைந்தது. தோட்டத்து வரலாறு எழுதியவர்கள் துரைமார் பெயரையும் ஏலவிலையையும் ஒழுங்காகக் குறித்துவைத்தார்கள். இரவு முழுக்க உலைவாயில் விறகு தள்ளியவரின் பெயரை அவர்கள் எழுத்தில் காண்பது அரிது.

இன்று பெல்மதுளையிலிருந்து எம்பிலிப்பிட்டியவுக்குக் கஹவத்தை வழியாகப் போகும் வீதிப்பக்கம், தோட்டத்துப் பிள்ளைகள் கொழுந்துக் கூடையையும் றப்பர் பால் வாளியையும் விட்டுவிட்டு, கராஜ்களில் வண்டிகளுக்குப் பெயின்ட் அடிக்க ஸ்ப்ரே கன் பிடிக்கிறார்கள். அந்தத் தொழிலும் அவசரத்தில் பிறந்ததுதான். 1920களில் அமெரிக்காவில் செலுலோஸ் வண்ணம் வந்தபோது, வாரக்கணக்கில் காய்ந்துகொண்டிருந்த கார்கள் மணிக்கணக்கில் காய்ந்தன. அந்த வேகம் வண்ணத்தை இளக்கும் தின்னர் கொடுத்தது. ஆனால் தின்னர் விரைந்து பறக்கையில் வண்ணத்தின் மேற்பரப்பு குளிர்ந்துபோகும். மழைக்காற்றின் ஈரம் அதில் படிந்து பூச்சு வெளுத்துப்போகும். சப்ரகமுவ மழையில் பெயின்ட் அடிப்பவருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆகவே கதவை இழுத்து மூடுகிறார். ஒரு ஹீட்டரைக் கொண்டுவந்து பக்கத்தில் வைக்கிறார். அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. மண் அடுப்பின் மேல் தட்டை வைத்தவர் செய்ததைத்தான் அவரும் செய்கிறார். பல தின்னர்களில் கலந்திருக்கும் டொலுவீன் 4 பாகை செல்சியஸிலேயே பற்றக்கூடிய ஆவியை விடும். அந்த ஆவி காற்றைவிட மூன்று மடங்கு கனம். மேலே போகாது, தரையோடு தவழ்ந்து மூலை தேடும். காற்றில் நூற்றுக்கு ஒரு பங்கைச் சற்றுத் தாண்டினாலே வெடிக்கத் தயார். சுமார் 480 பாகையில் தானே பற்றிக்கொள்ளும்; சிவந்த ஹீட்டர் கம்பியோ அதைவிட வெகுதூரம் சுடும். கம்பி சிவக்காத ஹீட்டர் என்றாலும், சூட்டைப் பார்த்து மின்சாரத்தை வெட்டி ஒட்டும் சிறு கருவி உள்ளே 'டக்' என்னும்போதெல்லாம் ஒரு பொறி பிறக்கிறது.

அத்தகைய பொறிக்கும் சுடருக்கும், எரிவாயு கசியும் நிலக்கரிச் சுரங்கங்கள் கொடுத்த விலை பெரிது. 1812இல் இங்கிலாந்தின் பெல்லிங் சுரங்கம் வெடித்து 92 பேர் மாண்டார்கள். மூன்று ஆண்டு கழித்து ஹம்ப்ரி டேவி சுரங்க விளக்கைக் கம்பிவலையால் சுற்றினார். சுடர் வலையைத் தாண்டும்போது சூட்டை இழந்து அணைந்துவிடும் என்பதுதான் அதன் சூட்சுமம். நூறாண்டு போயிற்று, விளக்குச் சுடர் இருந்த இடத்துக்கு மின்சாரம் வந்தது, பழைய பாடம் மறந்தது. 1913இல் வேல்ஸின் செங்ஹெனித் வெடிப்பில் 439 சுரங்கத் தொழிலாளர் இறந்தார்கள். மின்மணிக் கம்பியின் பொறி காரணமாயிருக்கலாம் என்று கருதப்பட்டது. சிறு மணியை அடிக்கும் மின்சாரமே வாயுவைப் பற்றவைக்கும் என்று ஆய்வுகள் காட்டிய பிறகு, பற்றவைக்க வலுவில்லாத அளவுக்கு மின்சாரத்தை அடக்கும் முறை வந்தது. தடித்த இரும்புப் பெட்டிகளும் வந்தன. உள்ளே வெடித்தாலும் விளிம்பின் மெல்லிய இடுக்கு வழியே வெளிவரும் தீ குளிர்ந்துவிடும். டேவியின் வலைதான், இரும்புடுத்து வந்தது.

இன்று ஆபத்தான இடத்துக்கென்று செய்த கருவிகளில் டி1 முதல் டி6 வரை பொறித்திருக்கும். அதன் மேற்பரப்பு எவ்வளவு சுடலாம் என்பதற்கான அடையாளம் அது. டி1 என்றால் 450 பாகை, டி6 என்றால் 85. முறையாகக் கட்டிய பெயின்ட் அறையில் ஹீட்டரே உள்ளே இராது. வெளியே இருந்து காற்றைச் சூடாக்கும். விசிறி அதை உள்ளே தள்ளும். ஆவி மறுபுறம் இழுத்து வெளியேற்றப்படும். காற்றோட்டம் நின்றால் ஸ்ப்ரே கன்னும் நின்றுபோகும்படி இணைத்திருப்பார்கள். சிரோக்கோவைப் பார்த்த கண்ணுக்கு இதில் புதிது அதிகமில்லை.

தேயிலைத் தொழிற்சாலையின் பின்பக்கம் போனால் உலைவாய் இருக்கும். நனைந்த விறகு அதன் அருகே அடுக்கிக் கிடக்கும், நடுவே கரிபடிந்த சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் கொழுந்து. அங்கிருந்து ஒரு கட்டைத் தூரத்தில், மழைக்குப் பயந்து கதவைச் சாத்திய கராஜ் ஒன்றில், முச்சக்கர வண்டியின் கதவுக்குப் பக்கத்தில் ஹீட்டர் கம்பி மெல்லச் சிவந்துகொண்டிருக்கும்.