கறுப்புச் சட்டை சாட்சி சொல்லுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

எக்ஸ்ட்ரீம் மெட்டல் இசை இளைஞர்களைச் சாத்தானிடம் தள்ளுகிறது என்று சென்ற இதழில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவர் நார்வேயைச் சுட்டியதில் தவறில்லை. 1992 ஜூனில் பெர்கன் அருகே ஃபான்டாஃப்ட் மரத் தேவாலயம் தீக்கிரையானது. பிறகு வேறு சிலவும் எரிந்தன. 1993 ஆகஸ்டில் 'மேஹெம்' மெட்டல் குழுவின் கிதார் கலைஞர் யூரோனிமஸை, சக இசைக்காரர் வர்க் விகெர்னெஸ் குத்திக் கொன்றார். சில தேவாலயங்களுக்குத் தீ வைத்ததற்கும் சேர்த்து அவருக்கு 21 ஆண்டு சிறை. 'வெறும் பாட்டுதானே' என்று இதைப் பூசி மெழுகும் ரசிகர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ஆனால், அந்த இசையைக் கண்டு மிரள்வதும் ஆளைக் காவு கேட்கும். அமெரிக்காவில் அர்க்கன்சாஸ் மாநிலத்து வெஸ்ட் மெம்ஃபிஸில் 1993-இல் மூன்று சிறுவர்கள் கொல்லப்பட்டார்கள். அந்த வழக்கில் டேமியன் எக்கல்ஸ் என்ற இளைஞருக்கு எதிராக அரசுத் தரப்பு அடுக்கியவற்றில் கறுப்புச் சட்டையும் மெட்டாலிகா என்ற மெட்டல் குழுவின் பாட்டும் மாந்திரீகப் புத்தகமும் உண்டு. அவருக்கு மரண தண்டனை, அவரோடு குற்றம் சாட்டப்பட்ட இருவருக்கு ஆயுள். கொலை நடந்த இடத்துத் தடயங்களில் இவர்களின் டி.என்.ஏ. இல்லை என்பது வெகுகாலம் கழித்தே தெரிந்தது. 2011-இல் மூவரும் வெளியே வந்தார்கள். அதுவும் குற்றவாளிப் பட்டம் நீங்காமலே.

தீ வைத்தவனைத் தண்டிக்கலாம், பாட்டைக் கேட்டவனை அல்ல. நார்வேயைப் பற்றி எழுத இடம் தரும் தாங்கள், வெஸ்ட் மெம்ஃபிஸ் வழக்கைப் பற்றியும் ஒரு முழுக் கட்டுரை வெளியிட வேண்டுகிறேன்.

– ஒரு வாசகர், திருச்சி