நமக்கென ஒரு பாட்டு

பெங்களூரில் பயிலும் தமிழ் மாணவர்களாகிய நமக்கு இசை விருப்பம் குறைவன்று. சங்க விழா என்றால் மேடையேறப் பத்துப் பேர் முந்துகிறோம். ஏறியபின் பாடுவது யாது? திரைப்பாட்டு! திரைப்பாட்டை நான் பழிக்கவில்லை. இளையராஜாவைக் கேட்டு வளர்ந்தவன்தான் நானும். எனினும், பிறர் கதைக்காகப் பிறர் எழுதியதையே ஆண்டுதோறும் பாடிக்கொண்டிருந்தால் நம் வாழ்வை யார் பாடுவது? இவ்வாண்டு நம் சங்கம் சொந்தமாக ஒரு ராக் பாட்டை ஆக்கி வெளியிட வேண்டும் என்பது என் கருத்து.

“இது ஆகிற காரியமா?” என்று கேட்கும் நண்பர்களுக்கு இந்நகரமே விடை சொல்லும். 1996-இல் இங்கே தோன்றிய ‘தெர்மல் அண்ட் எ குவார்ட்டர்’ குழுவினர் தம் சொந்தப் பாடல்களாலேயே பெயர் பெற்றனர். 2005-இல் ‘பிளான் பி’ என்னும் தொகுப்பை இணையத்தில் இலவசமாகவே வழங்கினர். 2003-இல் தோன்றிய ‘அகம்’ குழுவினரோ, அலுவலகப் பணிக்கிடையே கருநாடக இசையையும் ராக்கையும் இணைத்தனர். அவர்களுடைய முதல் தொகுப்பு வந்தது 2012-இல். ஒன்பது ஆண்டு உழைப்பு! குழுவின் பெயர் நம் சங்க இலக்கியச் சொல். பாடியவற்றுள் சில தியாகராசரின் தெலுங்குக் கீர்த்தனைகள். அதில் குறையேதுமில்லை. ஆனால் புதிய தமிழ்ப் பாட்டு நம்மிடமிருந்தல்லவா வரவேண்டும்?

செலவைக் கண்டு அஞ்ச வேண்டா. நல்ல கூடமும் பல மைக்குகளும் வேண்டுவது டிரம்ஸுக்குத்தான். ஸ்டூடியோ வாடகையை அதற்கு மட்டும் கொடுத்துவிட்டு, கிதாரையும் குரலையும் விடுதி அறையிலேயே மடிக்கணினியில் பதிவு செய்யலாம். உண்மையான உழைப்பு சொல்லில் இருக்கிறது. ஆங்கிலப் பாட்டின் மெட்டில் தமிழைத் திணித்தால் குறில் நீளும், நெடில் குறுகும். ‘படம்’ ‘பாடம்’ ஆகிவிடும். தமிழின் ஓசைக்கு ஏற்ப மெட்டை வளைக்கத் தெரிந்தவனே இங்கு வெல்வான்.

இன்னொன்று இதனினும் முதன்மையானது. 2021 மார்ச்சில் வெளிவந்த ‘எஞ்சாயி எஞ்சாமி’ திரைப்படத்தின் துணையின்றியே உலகெங்கும் பரவியது. அதே ஆண்டு ஓர் இசை ஏட்டின் அட்டையில், அதை எழுதிப் பாடிய அறிவின் படம் இல்லாதது பெரும் விவாதமாயிற்று. பாட்டு யாருடையது என்ற கேள்வி, பாட்டு வென்றபிறகே எழுகிறது. அப்போது விடை காண்பது கடினம். எழுதியவரும் இசையமைத்தவரும் தம் உரிமைத்தொகைப் பங்கை விட்டுக்கொடுக்க முடியாதபடி 2012-இல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. சட்டம் இருந்தும், நண்பர்கள் தமக்குள் எழுத்தில் வைக்கத் தயங்குகிறோம். ‘நட்புக்குள் கணக்கா?’ என்கிறோம். கணக்கில்லாமையால்தான் பல நட்புகள் முறிகின்றன!

ஆகவே, பதிவு தொடங்குமுன் ஒரு தாளில் எழுதுவோம்: சொல் யாருடையது, மெட்டு யாருடையது, வாசித்தவர் யார், வருவாயில் எவருக்கு எவ்வளவு. எல்லோரும் கையொப்பமிடுவோம்.

விழா மேடையின் விளக்கு அலங்காரம் ஓர் இரவில் அணைந்துவிடும். அச்செலவில் பாதியை ஒரு பாட்டுக்குத் தாருங்கள், பொருளாளர் அவர்களே! நாம் பட்டம் பெற்றுப் பிரிந்த பின்னும் அது நம் பெயர் சொல்லும்.