தர்ம ஸ்தாபனங்களும் தொழில் நிபுணர்களும்

பெரிய கம்பெனிகளில் வேலைத்திட்டம் வகுத்துப் பழகிய இஞ்சினீயர்களும் கணக்கு நிபுணர்களும் இப்பொழுது தர்ம ஸ்தாபனங்களின் நிர்வாகக் குழுக்களில் அங்கத்தினராய் அமர்ந்து வருகின்றனர். இதனை நாம் மனமார வரவேற்கிறோம். ஆயினும், வரவேற்பதோடு நமது கடமை தீர்ந்துவிடவில்லை.

இவர்களுடைய உதவி இன்று அவசியமாகியிருப்பதற்குச் சட்டமும் ஒரு காரணம். 2013-ம் வருஷத்திய கம்பெனிச் சட்டத்தின் 135-வது பிரிவு, நிகர லாபம் 5 கோடி ரூபாயை எட்டும் கம்பெனிகள் முந்திய மூன்று வருஷச் சராசரி லாபத்தில் நூற்றுக்கு 2 வீதம் பொதுநலத்துக்குச் செலவிட வேண்டுமென்கிறது. 2021-ல் நிபந்தனைகள் இறுகின. தொடர்ந்து நடைபெறும் திட்டமெனினும், ஆரம்பித்த வருஷம் நீங்கலாக மூன்று வருஷங்களுக்கு மேல் நீளலாகாது. நல்லெண்ணத்தையும் ரசீதுப் புஸ்தகத்தையும் மட்டும் நம்பி ஸ்தாபனம் நடத்துவோர் இக்கெடுவுக்கு எங்ஙனம் ஈடுகொடுப்பர்? எவ்வேலை எதற்கு முன் முடியவேண்டும், எங்கே தாமதித்தால் அனைத்தும் நிற்கும் என்று கணக்கிடத் தெரிந்தவர் வேண்டும்.

கணக்குப் பார்த்தால் கருணை குன்றிவிடும் என்று அஞ்சுவோர் மதுரையைப் பார்க்கட்டும். 1976-ல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கியது அரவிந்த் கண் ஆஸ்பத்திரி. வைத்தியர் ஒரு மேஜையில் சிகிச்சை முடித்துத் திரும்புமுன் அடுத்த மேஜையில் நோயாளி தயாராயிருப்பார். நிமிஷத்தை மிச்சப்படுத்திய அந்த ஏற்பாடும், பணமுள்ளோர் தரும் கட்டணமுமே எண்ணற்ற ஏழைகளுக்கு இலவசமாகக் கண்ணொளி தந்தன.

ஆனால் நிபுணர்களிடமும் நமக்கு ஒரு குறை உண்டு. சிலர் நிர்வாகக் குழுவைத் தமது தொழிற்சாலையின் கிளையெனக் கருதிவிடுகின்றனர். ஊழியர்களுக்கு நேரே உத்தரவிடுகின்றனர். காரியதரிசி ஒருவர், எஜமானரோ எட்டுப் பேர்! யாருக்காக இவ்வேலை, என்ன செலவு, பிழைத்தால் என்ன செய்வது என்று கேட்பதும், கேட்டதற்கு விடை பெறாமல் விடாதிருப்பதுமே குழுவின் வேலை.

இதனினும் பெரிய அபாயமொன்றுண்டு. பள்ளிக் கட்டடம் குறித்த தேதியில் முடியும். அதில் படிக்கும் மலைக்கிராமத்துப் பிள்ளையின் கல்வி முடியாது. குடியை விட்டவன் மீண்டும் குடிப்பான். மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இத்தகைய பணிகளைப் பலனற்றவையென்று அட்டவணையினின்று நீக்கிவிட்டு, எண்ணிக் காட்டத்தக்கவற்றையே வைத்துக்கொண்டால், சட்டத்தின் கெடு நிறைவேறும், ஜனங்கள் கைவிடப்படுவர். குழுவில் சேரும் நிபுணர் முதல் சில வாரங்களை ஊழியர்களுடன் கிராமத்தில் கழித்துவிட்டு, அதன் பிறகே அட்டவணையைக் கையிலெடுக்க வேண்டுமென ஸ்தாபனங்கள் விதி செய்யட்டும். நிர்வாகக் குழுவினரின் சொந்தக் கம்பெனிகளுக்கு அந்த ஸ்தாபனத்தின் வேலை எதுவும் தரலாகாதென்பதையும் அவ்விதியிலேயே எழுதிவிடலாம்.