வகுத்து வரும் எண்ணும் அதன் பெயரும்

மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை, இரண்டையும் பெருக்கினால் மின்திறன் என்பது ஐ.டி.ஐ. முதலாண்டு மாணவரும் தடுமாறாமல் ஒப்பிக்கும் பாடம். கணக்குப் போடுவதில் எவரும் தவறுவதில்லை. வகுத்து வரும் எண்ணுக்கு என்ன பெயர் இடுவது, அந்தப் பெயர் எந்த நிலை வரையில் செல்லும் என்பதில்தான் அனுபவம் மிக்கவர்களும் இடறுகிறார்கள்.

230 வோல்ட், 100 வாட் எனக் குறிக்கப்பட்ட பழைய இழை பல்பு ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். எரியும்போது அதில் ஏறத்தாழ 0.435 ஆம்பியர் ஓடுவதால் அதன் மின்தடை 529 ஓம் என்று கணக்கு சொல்லும். அதே பல்பைக் கழற்றி, ஆறவிட்டு, மல்டிமீட்டரின் இரு முனைகளையும் வைத்துப் பார்த்தால் 40 ஓம் அளவிலேயே காட்டும். 40 ஓமை நம்பித் திறனைக் கணக்கிடுபவருக்கு அது 1,300 வாட்டுக்கும் மேற்பட்ட பல்பாகத் தோன்றும். மீட்டரும் பொய் சொல்லவில்லை, சூத்திரமும் பொய்க்கவில்லை. சுமார் 2,500 டிகிரி செல்சியஸில் வெண்மையாக ஒளிரும் டங்ஸ்டன் இழையும் அறை வெப்பநிலையில் கிடக்கும் இழையும் மின்தடையைப் பொறுத்தவரை இரு வேறு பொருள்கள். சுவிட்ச் போட்ட நொடியிலேயே பல பல்புகள் 'பட்'டென்று போவதற்கும் குளிர்ந்த இழை இழுக்கும் அந்த மிகைமின்னோட்டமே பெரும்பாலும் காரணம். மாறாக, 1,000 வாட் ஹீட்டரின் நிக்ரோம் கம்பி சூடேறினாலும் தடை சில விழுக்காடே மாறுவதால், அதன் 52.9 ஓமைக் கொண்டு 200 வோல்ட்டில் 756 வாட் என்று கணிப்பது களத்திற்குப் போதுமான விடையாகும். இதே கணிப்பைப் பல்புக்குப் பொருத்தினால் விடை பிசகிவிடும்.

இந்த எச்சரிக்கை விதியின் பிறப்பிலேயே இருக்கிறது. ஜார்ஜ் சைமன் ஓம் தொடக்கத்தில் பயன்படுத்திய வோல்டா மின்கலங்களின் அழுத்தம் நிலைகொள்ளாமல் ஏறி இறங்கியதால், பிஸ்மத்தும் செம்பும் இணைந்த வெப்ப மின்னிரட்டையைக் கையாண்டார். அதன் ஒரு சந்தியைக் கொதிநீரிலும் மறு சந்தியைப் பனிக்கட்டியிலும் வைத்து அழுத்தத்தை அசையாமல் நிறுத்திய பிறகே 1827ஆம் ஆண்டு நூலுக்கு அடிப்படையான அளவீடுகள் அவருக்குக் கைகூடின. நிலைமைகளைக் கட்டிப்போட்டுப் பெற்ற விதியை நிலைமைகளையே குறிக்காமல் பயன்படுத்துவது முறையன்று.

மாறுதிசை மின்னோட்டத்தில் சிக்கல் இன்னும் ஆழமானது. அரைக் குதிரைத்திறன் பம்பு மோட்டார் 230 வோல்ட்டில் 4 ஆம்பியர் இழுத்தால் பெருக்குத்தொகை 920 வோல்ட் ஆம்பியர்; இதற்குத் தோற்றத்திறன் என்று பெயர். அழுத்தமும் ஓட்டமும் அலையில் ஒத்துச் செல்லாததைக் குறிக்கும் திறன் காரணி 0.65 எனில் உண்மையில் செலவாவது 598 வாட் மட்டுமே. அவ்வாறே 230ஐ 4ஆல் வகுத்து வரும் 57.5 ஓம், மின்தடை அன்று. தூண்டல் விளைவையும் சுமையையும் உள்ளடக்கிய மின்மறுப்பு. அதை வைண்டிங்கின் தடை எனக் கொண்டு வெப்ப இழப்பைக் கணக்கிட்டால் மோட்டார் வாங்கும் 598 வாட்டையும் விஞ்சி, இழப்பு மட்டுமே 920 வாட் என்று வரும்!

வெப்பத்தால் தடை மாறுவது இடையூறு மட்டுமன்று, கருவியுமாகும். செம்புக் கம்பியின் தடையோடு வெப்பநிலை கொண்ட உறவில் 234.5 என்னும் மாறிலி வருவதால், 30 டிகிரியில் 5 ஓம் காட்டிய வைண்டிங், ஓடி நின்றவுடன் 6.2 ஓம் காட்டினால், அதன் சராசரி வெப்பநிலை ஏறக்குறைய 93 டிகிரி என்று மோட்டாரைப் பிரிக்காமலே சொல்லிவிடலாம். தொடக்க வெப்பநிலையைக் குறிக்கத் தவறியவருக்கு இந்த வசதி இல்லை.

எனினும் இவ்விரு சூத்திரங்களின் அருமை முழுமையாகப் புலப்படும் இடம் மெயின் போர்டில் தளர்ந்து கிடக்கும் ஒரு திருகு. சப்ளையை நிறுத்தி ஓம் அளவையில் பார்த்தால் எதுவும் தெரியாது. மீட்டர் கம்பிகளின் தடையே அந்த இணைப்பின் தடையைவிடப் பன்மடங்கு பெரிது. ஆனால் உரிய பாதுகாப்புடன், சுமை ஓடும்போதே, இணைப்பின் இரு பக்கமும் அளந்து 0.4 வோல்ட் வீழ்ச்சியும் கிளாம்ப் மீட்டரில் 20 ஆம்பியரும் கண்டால், அங்கே 0.02 ஓம் உட்கார்ந்திருக்கிறது, 8 வாட் வெப்பமாகிறது என்பது வெளிப்படும். 1841இல் ஜூல் காட்டியபடி வெப்பம் ஓட்டத்தின் இருமடியைப் பின்பற்றுவதால், சுமை 40 ஆம்பியரானால் அது 32 வாட்டாகும். ரேடியோ பழுதுபார்க்கும் மேசையிலுள்ள 25 வாட் சால்டரிங் அயர்னைவிட மிகுதியான வெப்பம் ஒரு திருகின் தலையில் குவிகிறது. சூட்டினால் தொடுபரப்பு ஆக்சைடு படிந்து தடை மேலும் ஏறும். போர்டின் நிறம் கறுக்கும்வரை அது எவர் கண்ணிலும் படுவதில்லை.

ஆகவே அடுத்த இதழ் தொடங்கி, இங்கு வெளியிட வரும் கள அளவீடுகளில் அழுத்தம், ஓட்டம் ஆகியவற்றுடன் அளந்த வேளையின் வெப்பநிலையும், மீட்டர் உண்மை ஆர்.எம்.எஸ். வகையா என்பதும், மாறுதிசைச் சுமையாயின் வாட் மீட்டரின் நேரடி அளவும் இடம்பெற வேண்டும். வெறும் பெருக்கலால் வாட் நிரப்பிய அட்டவணைகள் திருத்தத்திற்காகத் திருப்பி அனுப்பப்படும்.