யார் சாவார் என்ற ஜோசியம்

1960களின் நியூயார்க் விளம்பரக் கம்பெனி ஒன்றின் கதை, 2007 முதல் 2015 வரை ஓடிய அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரான 'மேட் மென்'. கதாநாயகன் டான் மாடியிலிருந்து விழுந்து சாவான் என்று ரசிகர்கள் ஜோசியம் சொன்னார்கள். அவன் மனைவி மேகன் அணிந்த நட்சத்திரப் பனியனைக் கண்டு, 1969இல் கொலையுண்ட நடிகை ஷாரன் டேட்டின் கதிதான் அவளுக்கும் என்றார்கள். பனியனில் ஜாதகம்! இரண்டும் பலிக்கவில்லை.

நாம் கேட்பது வேறு. ஆபீஸ் நிர்வாகியாக உழைத்துப் பங்காளியான ஜோனின் கதி என்ன? பெரிய கம்பெனி அந்தக் கம்பெனியை விழுங்கியது. புதிய அதிகாரிகளின் சீண்டலை அவள் எதிர்த்தாள். வர வேண்டிய 5 லட்சம் டாலரில் பாதியோடு வெளியேற்றப்பட்டாள். கொலைகாரன் தேவைப்படவில்லை, கணக்குப் புத்தகமே போதுமாயிருந்தது.

டானோ கடலோரத்தில் தியானத்தில் அமர்ந்து புன்னகைக்கிறான். அடுத்து வருவது, 1971ஆம் வருஷத்துக் கோகோ கோலா விளம்பரம்.